வந்தவங்க போவல

எனக்குக் கோபம் அதிகம். திருபுவனை தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனிக்கு நாலு கேட் தள்ளி உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனுக்குக்கூட அது தெரியும். இதை இப்போது பெருமையாகச் சொல்லவில்லை. ஆனால் ரொம்ப நாள் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலை தெரிந்தவனுக்குத்தான் கோபம் வரும் என்பது என் கட்சி. பொங்கல் முடிந்த அந்தத் திங்கட்கிழமை செலின் மேரி என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்கும் வரை அந்தக் கட்சியில் நான் ஆடாமல் அசையாமல் இருந்தேன்.

என் பேர் நாகராஜன். ஊர் பாகூர். வயது ஐம்பத்தொன்று. எங்கள் கம்பெனி செய்வது பம்புசெட்டுக்கான காவல் பெட்டி. போர் மோட்டாருக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டியிருக்கும். மூன்று பேஸ் கரண்டில் ஒன்று போனாலோ, போரில் தண்ணீர் இறங்கிவிட்டாலோ, மோட்டாரை நிறுத்துவது அதன் வேலை. பெட்டிக்குள் ஒரு போர்டு, போர்டில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சிப், அந்தச் சிப்புக்குள் எந்த வேலையை எந்த நொடியில் செய்வது என்று முறை வைக்கிற ஒரு மென்பொருள். அதற்கு கெர்னல் என்று பேர். அது நான் எழுதியது. வெளியில் எத்தனையோ கெர்னல் சும்மாவே கிடைத்த காலத்தில், வீம்புக்கு உட்கார்ந்து பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எழுதினேன். இரண்டாயிரத்து நூறு வரி. பெட்டி உறைந்துபோனால் தட்டி எழுப்புகிற டைமர் ஒன்று அந்தச் சிப்பிலேயே உண்டு. என் கெர்னலுக்கு அதெல்லாம் எதற்கு என்று அதை நான் போட்டதே இல்லை.

ஜூன் மாதத்துக்குப் பிறகு விற்பனைக்குப் போன பெட்டிகளில் பதினொன்று வயலில் உறைந்தன. உறைவது என்றால் விளக்கு எரியும், மோட்டார் ஓடும், பெட்டி மட்டும் எதையும் கவனிக்காது. தண்ணீர் தீர்ந்த பிறகும் மோட்டார் வறட்டு ஓட்டம் ஓடிக் கருகிப்போகும். பண்டசோழநல்லூரில் குமரவேல் என்கிற கரும்பு விவசாயியின் மோட்டார் அப்படித்தான் போனது. எங்கள் பெட்டியை வாங்கித் தன் பேரைப் போட்டு விற்கும் கோயம்புத்தூர் கம்பெனி, காரணம் என்ன என்று எழுத்தில் கேட்டது.

காரணத்தை நான் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். ஒவ்வொரு போர்டின் மூலையிலும் அதைப் பற்றவைத்தவரின் முத்திரை இருக்கும். பதினொன்றிலும் ஒரே முத்திரை, செலின் மேரியுடையது. அவர் வேலைக்குச் சேர்ந்தது ஜூனில். ஜூனுக்கு முந்தைய போர்டு எதுவும் உறையவில்லை. இதற்கு மேல் என்ன வேண்டும்? சால்டரிங் சரியில்லை, கை பழகவில்லை என்று ஒரு பக்கம் எழுதி முதலாளி சுப்புராயனிடம் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். போர்டுகளைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

செலின் மேரிக்கு முப்பத்துமூன்று வயது. ஒதியம்பட்டிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்தவர். முன்பு சார்ஜர் கம்பெனி ஒன்றில் சோதனை மேஜையில் இருந்தார். அது மூடியபின் இரண்டு வருஷம் வேலையில்லாமல் இருந்துவிட்டு, எங்களிடம் பற்றவைக்கிற வேலைக்கு எட்டு மாதப் பயிற்சியில் சேர்ந்தார். பயிற்சி அந்தச் சனிக்கிழமை முடிகிறது. என் அறிக்கை அவருடைய கோப்பில் ஏறினால் நிரந்தரம் கிடையாது என்பது மட்டுமில்லை, பேட்டையில் வேறு எந்த கேட்டும் திறக்காது. ஆள் எடுக்கிறவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் போன் போட்டுக் கேட்டுக்கொள்கிறவர்கள். கை சரியில்லை என்ற பேர் ஒரு தடவை வந்தால் வந்ததுதான்.

அவர் அழுதுகொண்டு வருவார் என்று எதிர்பார்த்து, அதற்கு ஏற்றமாதிரி முகத்தையும் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் அழவில்லை. பதினொரு போர்டையும் லென்ஸில் பார்த்ததாகவும், ஒவ்வொன்றையும் படம் எடுத்து வைத்திருப்பதாகவும் சொன்னார். நான் பார்த்தேனா என்று கேட்டார். உள்ளே சரியாகப் பிடிக்காத சால்டர் கண்ணுக்குத் தெரியாது என்று சொல்லிச் சமாளித்தேன். அப்போதெல்லாம் அவரை அந்தப் பொண்ணு என்றுதான் குறிப்பிடுவேன், பேர் சொன்னதில்லை. அடுத்து அவர் கேட்டதுதான் என்னை உட்கார வைத்தது. வாரண்டி அட்டையில் இருந்த நம்பர்களுக்கெல்லாம் அவரே போன் போட்டிருக்கிறார். ஏழு பேர் எடுத்திருக்கிறார்கள். பெட்டியின் முகப்பில் நின்றுபோயிருந்த மணியைப் பார்த்து ஏழு பேரும் ஒரே நேரத்தைச் சொல்லியிருக்கிறார்கள்.

"சால்டர் விலகுறதுன்னா மத்தியான சூட்டுல விலகும் சார். இது ஏன் காலையில கரெக்டா ஒம்போது மணிக்கு நிக்குது?"

அந்தப் பக்கத்து வயல்களுக்கு மூன்று பேஸ் கரண்ட் வருவது காலை ஒன்பது மணிக்கு. அது எனக்குத் தெரியும். ஆனால் அதை இதோடு சேர்த்து நான் யோசிக்கவேயில்லை. யோசிக்காததை ஒருவர் எடுத்துக் காட்டும்போது என்ன செய்வேனோ அதையே செய்தேன், கத்தினேன். உன் வேலை பற்றவைப்பது, மணி பார்ப்பது இல்லை என்றேன். ஹாலில் இருந்தவர்கள் எல்லோரும் குனிந்துகொண்டார்கள். நான் கத்தி முடிக்கும் வரை செலின் நின்றார். பிறகு சனிக்கிழமை வரை டைம் வேண்டும் என்று கேட்டார். கொடுத்தேன். இரக்கப்பட்டு இல்லை. அந்த ஒன்பது மணிக் கேள்வி எனக்குள் முள் மாதிரி தைத்துவிட்டது.

மறுநாள் ஒரு பெட்டியை மேஜையில் பிரித்துவைத்து, சிப்பை நடுவில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிற கருவியை மாட்டினேன். இந்த இடத்தில் இன்டரப்ட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஆபீசில் ஒருவர் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார். வெளியிலிருந்து ஒருவர் அவசரமாக உள்ளே வந்து ஒரு தகவல் சொல்கிறார். எழுதுகிறவர் பேனாவை வைத்துவிட்டு, என்ன என்று ஒரு வார்த்தையில் கேட்டுக்கொண்டு, வந்தவரை அனுப்பிவிட்டு, விட்ட வரியிலிருந்து எழுத வேண்டும். உள்ளே வந்தவர்தான் இன்டரப்ட். அவரைக் கேட்டு அனுப்புகிற பகுதிக்கு ஹேண்ட்லர் என்று பேர். ஒருவர் உள்ளே இருக்கும்போது இன்னொருவர் வரக் கூடாது, அதனால் அந்த நேரம் கதவு தாழிட்டிருக்கும். அவர் வெளியேறியதும் கெர்னலே தாழை எடுக்கும், அடுத்தவர் வருவார். எங்கள் பெட்டியில் மூன்று பேஸும் சேர்ந்து நொடிக்கு முந்நூறு தடவை இப்படி வந்து சொல்லிவிட்டுப் போகும். ஒவ்வொரு தடவையும் கண் சிமிட்டுகிற நேரத்தில் நூறில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும்.

காலையிலிருந்து மத்தியானம் வரை நிறுத்திப் பார்த்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. பெட்டி சாதுவாக ஓடியது. செலினைப் பக்கத்தில் நிற்கச் சொன்னதும் நான்தான், கெர்னலில் குறையில்லை என்று கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும் என்று. அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் நெரிசல் எப்படி வரும் என்று கேட்டார். நிறுத்த வேண்டாம், ஓட விடலாம் என்றார். சிப்பை போர்டில் பிடித்திருக்கும் உலோகக் கால்களில் எதற்கும் பயன்படாதவை இரண்டு இருந்தன. அவற்றைப் பற்றவைத்த கை என்பதால் அவருக்கு அது தெரிந்திருந்தது. ஒருவர் உள்ளே வரும்போது முதல் காலில் ஒரு துடிப்பு, வெளியேறும்போது இரண்டாவது காலில் ஒரு துடிப்பு, அதை மட்டும் எழுதித் தாருங்கள், மீதியைத் துடிப்பைத் திரையில் வரைந்து காட்டுகிற ஸ்கோப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

நான் எழுதினேன். நாலு வரிதான். ஸ்கோப் திரையில் மேலே ஒன்று, கீழே ஒன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஒழுங்காக வந்தது. உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. கம்பெனியில் கரண்ட் ஸ்டெபிலைசர் வழியாகச் சுத்தமாக வருகிறது, இங்கே ஒழுங்காகத்தான் இருக்கும், ஒன்பது மணிக்கு வயலில் இருக்க வேண்டும் என்றார் செலின். அவர் சொன்னது சரி என்று மனசுக்குள் தெரிந்தது. வாயால் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை எட்டரைக்கு பண்டசோழநல்லூரில் குமரவேலின் மோட்டார் கொட்டகையில் இருந்தோம். குமரவேல் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கருகிய மோட்டாருக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றி எடுத்துவந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, அந்தக் கோபம். செலினிடம் மட்டும் நன்றாகப் பேசினார். போனில் பேசியவர் இவர்தான் என்று தெரிந்ததும் உட்கார யூரியா சாக்கை உதறிப் போட்டார். என்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

செலின் நாங்கள் கொண்டுபோன பெட்டியைச் சுவரில் மாட்டிவிட்டு, சின்ன ஸ்கோப்பைக் கவிழ்த்த பிளாஸ்டிக் டப்பின் மேல் வைத்தார். துடிப்பு நின்றுபோகிற அந்தக் கணத்துக்கு முன்னால் நடந்ததை மட்டும் பிடித்து வைத்துக்கொள்கிற மாதிரி அதைத் திருப்பி அமைத்தார். அந்த ஸ்கோப்பை நான் ஆறு வருஷமாக வைத்திருக்கிறேன். அதில் அப்படி ஒரு வசதி இருப்பது தெரியும், எங்கே இருக்கிறது என்று தேடித்தான் எடுப்பேன். அவர் விரல் நேராக அங்கே போனது. ஒயரைப் பிடிக்கும்போது கை நடுங்கவில்லை. இந்தக் கையைத்தான் பழகாத கை என்று எழுதியிருக்கிறேன் என்று முதல் தடவையாக உறுத்தியது.

ஒன்பது மணிக்கு கரண்ட் வந்தது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஸ்டார்ட்டரை ஆட்டோவில் போட்டு வைத்திருப்பார்கள், கரண்ட் வந்ததும் தானே கிளம்பும். கரும்புக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம், வாய்க்காலைத் தாண்டி என்று ஏழெட்டு மோட்டார் ஒரே மூச்சில் உறுமின. லைன் தடுமாறியது, கொட்டகை பல்பு மங்கி மங்கி எரிந்தது. திரையில் உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே என்று வந்துகொண்டிருந்த துடிப்பு சட்டென்று நின்றது. பெட்டி உறைந்துவிட்டது. செலின் திரையின் மேல் குனிந்து விரல் வைத்து எண்ணினார். கடைசியில் மேல் வரிசையில் மட்டும் எட்டுத் துடிப்பு. கீழ் வரிசையில் ஒன்றுகூட இல்லை.

"வந்தவங்க போவல சார். ஒர்த்தரு போறதுக்குள்ள இன்னொருத்தரு வந்துகிறாங்க. எட்டுப் பேரு உள்ளயே கீறாங்க."

உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் சிப்பில் கொஞ்சம் இடம் வேண்டும். எட்டுப் பேருக்குத்தான் இடம் இருக்கிறது. ஒன்பதாவது ஆள் வந்தால் எல்லாம் குலைந்துவிடும். அதனால்தான் ஒருவர் உள்ளே இருக்கும்போது கதவு தாழிட்டிருக்க வேண்டும் என்று பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அத்தனை ஜாக்கிரதையாக எழுதினேன். அப்படியானால் தாழை யாரோ முன்கூட்டியே எடுக்கிறார்கள். சால்டரிங்கில் இப்படி நடக்க வழியே இல்லை. இது எழுத்தில் இருக்கிற தப்பு. அதை நான் வாய்விட்டுச் சொல்லும் முன்பே செலின் என் லேப்டாப் பையைத் திறந்து நீட்டிவிட்டார்.

வரப்பில் உட்கார்ந்து அந்த ஹேண்ட்லரைத் திறந்தேன். ஜூனில் அதைப் புதிதாக எழுதியவன் அரிகரன், வில்லியனூர் பையன், இப்போது பெங்களூரில் இருக்கிறான். முன்பு இரண்டு பேஸை மட்டும் பார்த்த பெட்டியை மூன்று பேஸையும் பார்க்கும்படி மாற்றினான். சின்ன மாற்றம்தான் சார் என்றான், நானும் பார்க்காமல் சரி என்று போட்டுவிட்டேன். செலின் சேர்ந்ததும் அதே ஜூன்தான், அன்றிலிருந்து இந்த போர்டை எல்லாம் பற்றவைப்பது அவர் ஒருவர்தான். ஒரு ஜூனில் இரண்டு விஷயம் நடந்திருக்கிறது. நான் அதில் எனக்கு வசதியானதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

வெயிலில் எனக்குத் திரை சரியாகத் தெரியவில்லை. கண்ணாடியையும் மேஜையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். செலினைப் படிக்கச் சொன்னேன். அவர் வரிவரியாகப் படித்தார். நேரத்தைக் குறித்துக்கொள்கிறது, எந்த பேஸ் என்று குறித்துக்கொள்கிறது, எல்லாம் சரி. கடைசி வரிக்கு வந்து, "அப்புறம் வூடு, அவ்வளவுதான் சார்," என்றார்.

"வூடு இல்ல, வுடு," என்றேன்.

சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

என் கெர்னலில் கட்டளைகளுக்கெல்லாம் நான் பேசுகிற வார்த்தையையே பேராக வைத்திருந்தேன். இங்கிலீஷ் எழுத்தில்தான் எழுத வேண்டும், வார்த்தை மட்டும் எங்கள் ஊர் வார்த்தை. தாழை எடுத்து, வெளியே நிற்பவர்களை உள்ளே விடு என்பதற்கு வைத்த பேர் வுடு. வி, யு, டி, யு. மதுரைக்காரனோ கோயம்புத்தூர்க்காரனோ எழுதியிருந்தால் விடு என்று ஒரு மாதிரியும் வீடு என்று வேறு மாதிரியும் எழுதியிருப்பான், குழப்பமே வந்திருக்காது. எங்கள் பக்கத்தில் விடு என்பதும் வுடு, வீடு என்பதும் வூடு. இங்கிலீஷ் எழுத்தில் போட்டால் இரண்டும் ஒன்றுதான். இந்தத் தப்பைச் செய்ய பாகூரில் ஒருவனும் வில்லியனூரில் ஒருவனும் பிறந்திருக்க வேண்டும்.

பெங்களூருக்குப் போன் போட்டேன். அரிகரன் எடுத்தான். அந்தக் கடைசி வரியை ஏன் போட்டாய் என்று கேட்டேன், கத்தாமல்தான் கேட்டேன். அவன் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "வேல முடிஞ்சா வூட்டுக்குப் போவணும் இல்ல சார்? அதான் வூடுன்னு போட்டேன்," என்றான். ஹேண்ட்லர் முடிந்து திரும்பிப் போவதற்கான கட்டளை என்று நினைத்திருக்கிறான். அது உண்மையில் தாழை எடுக்கிற கட்டளை. உள்ளே இருப்பவர் வாசலைத் தாண்டும் முன்பே கதவைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? கூட்டம் இல்லாத இடத்தில் ஒன்றும் ஆகாது. ஒன்பது மணிக்கு, லைன் தடுமாறி நூறு பேர் ஒரே நேரத்தில் முண்டும்போது, ஒருவர் போவதற்குள் அடுத்தவர் நுழைவார், அவர் போவதற்குள் இன்னொருவர். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பேர் வைத்தவன் நான், பார்க்காமல் சரி என்றவனும் நான்.

செலின் வரப்பில் கிடந்த கரும்புச் சோகையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். நல்லவேளை, பரவாயில்லை சார் என்று எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அதோடு தப்பித்திருப்பேன்.

"என் கைய சந்தேகப்பட அரை மணி நேரம் ஆச்சு சார் உங்களுக்கு. உங்க கைய ஒரு நாளாவது சந்தேகப்பட்டீங்களா?"

இல்லை என்றேன்.

அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மறுபடியும் அதே கொட்டகையில் உட்கார்ந்தோம். எல்லா மோட்டாரும் உறுமின, பல்பு மங்கியது, திரையில் உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே என்று கடைசி வரை மாறாமல் வந்தது. குமரவேல் அன்றைக்கு எனக்கும் சாக்கு போட்டார். வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன், செலின் நினைக்கவில்லை. இதே தப்பு வேறு இடத்திலும் இருக்கலாம், கெர்னல் முழுவதையும் படிக்க வேண்டும் என்று அச்செடுத்துத் தரச் சொன்னார். இரண்டாயிரத்து நூறு வரியா என்றேன். ஆமாம் என்றார். அன்றைக்கு மத்தியானமும் வெள்ளிக்கிழமை முழுவதும் அதையே படித்தார். நடுவில் ஒரு தடவை வந்து, தட்டி எழுப்புகிற டைமர் ஏன் அணைத்திருக்கிறது என்று கேட்டார். என் பதிலை நினைத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. போய் டைமரைப் போட்டுவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை சுப்புராயனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நிதானமான ஆள், என்னைப் பன்னிரண்டு வருஷமாகப் பொறுத்துக்கொண்டிருப்பவர். முழுவதையும் கேட்டுவிட்டு, அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு, சனிக்கிழமை நிரந்தரம் செய்துவிடலாம் என்றார். ஆனால் கோயம்புத்தூருக்கு எழுதும்போது சில போர்டுகளில் சால்டரிங் குறை, சரிசெய்துவிட்டோம் என்றே எழுது என்றார். கெர்னலில் தப்பு என்றால் வயலில் இருக்கிற நாலாயிரம் பெட்டியையும் சந்தேகப்படுவார்கள், சால்டரிங் என்றால் பதினொன்றோடு முடிந்துவிடும். அவளுக்கு வேலைதான் கிடைத்துவிட்டதே, பேப்பரில் என்ன இருந்தால் என்ன என்பது அவர் கணக்கு.

உண்மையைச் சொல்கிறேன், அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. ஒருவருக்கும் நஷ்டம் இல்லை, என் கெர்னல் பேரும் கெடாது, அவருக்கு வேலையும் ஆயிற்று என்று மனசு அழகாக அடுக்கிக்கொடுத்தது. அந்த நிம்மதியோடு ஹாலுக்கு வந்தேன். செலின் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்தார். என்ன செய்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். கெர்னலில் அந்தக் கட்டளை வருகிற பதினேழு இடத்திலும் பக்கத்திலேயே தமிழில், குண்டுகுண்டான எழுத்தில், வுடு என்று எழுதியிருந்தார். பின்னால் படிக்கிறவன் வூடு என்று நினைத்துவிடக் கூடாதாம். இரண்டு பக்கத்தின் ஓரத்தில் நான் எழுதியதைவிடச் சுருக்கமான வழி ஒன்றையும் குறித்திருந்தார். ஒரு இடத்தில் சின்னதாக ஒரு டிக் போட்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். இந்த இடம் நன்றாக இருந்தது சார் என்றார். தன் பேரைக் கெடுத்தவன் எழுதியதை நன்றாக இருக்கிறது என்று சொல்ல ஒருவருக்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும் என்று நினைத்தேன். எனக்கு அந்த மனசு இருந்ததே இல்லை.

சனிக்கிழமை காலை கோயம்புத்தூருக்கு நானே எழுதினேன். தப்பு இன்டரப்ட் ஹேண்ட்லரில், அதற்கு மூலம் நான் எழுதிய கெர்னலில் நான் வைத்த ஒரு பேர் என்று எழுதினேன். பதினொரு போர்டின் சால்டரிங்கையும் இப்போது நானே லென்ஸில் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை, முன்பு முதலாளியிடம் நான் கொடுத்த அறிக்கை பொய் என்று எழுதினேன். கண்டுபிடித்தவர் செலின் மேரி, எப்படிக் கண்டுபிடித்தார் என்பதையும் ஒன்றுவிடாமல் எழுதி, அந்த எட்டுத் துடிப்புப் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். வயலில் இருக்கிற பெட்டிகளில் ஜூனுக்குப் பிறகு போனவற்றை மட்டும் மாற்றினால் போதும் என்பதையும் சொன்னேன். சுப்புராயனுக்கும் ஒரு பிரதி போனது. ஐந்து நிமிஷத்தில் அவர் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"நீ கோவக்காரன்னு தெரியும். பைத்தியக்காரன்னு இப்பதான் தெரியிது," என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் நிரந்தர ஆணையில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனார்.

பதினோரு மணிக்கு கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. அங்கே சோதனைப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் உஷாராணி. அந்த அம்மா கறார், இரண்டு தடவை என்னையே திணறடித்திருக்கிறார். திட்டு வாங்கத் தயாராக எழுந்து நின்றுதான் பேசினேன். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த செலின் மேரியோடு பேச வேண்டும் என்றார்.

போனை ஹாலுக்கு எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். செலின் தயங்கி வாங்கினார். முதல் இரண்டு வார்த்தைக்குத்தான் தயக்கம், பிறகு சரளமாக வந்தது. ஏன் ஒன்பது மணி, ஏன் கம்பெனியில் வரவில்லை, ஏன் நிறுத்திப் பார்த்தால் பிடிபடாது, அந்த இரண்டு கால் எதற்கு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வுடுவுக்கும் வூடுக்கும் வித்தியாசத்தை அந்த அம்மாவுக்கு மூன்று தடவை சொல்லிக் காட்ட வேண்டியிருந்தது. பற்றவைக்கிற மேஜையில் இருந்த அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். நான் யாரையும் அதட்டவில்லை. நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

கடைசியில் அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ ஒரு கேள்வி. எனக்குக் கேட்கவில்லை. செலின் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கெர்னலை நம்பலாமா, எழுதினவன் யார் என்று கேட்டிருப்பார்கள், எனக்குத் தெரிந்துவிட்டது. என்ன சொன்னாலும் அவருக்கு உரிமை உண்டு என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"எங்க சார்தான் மேடம் எழுதனாரு. மொத்தமும் படிச்சிட்டேன். ரொம்ப நல்லா எழுதிகிறாரு, தாராளமா நம்பலாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, அத்தனை பேர் பார்க்க. பன்னிரண்டு வருஷத்தில் அதை முழுதாகப் படித்த முதல் ஆள் அவர்தான்.